கையில நிக்கிறது

கண்ண மூடிக்கம்மா, இறுக்கி மூடாத, தூங்குற மாதிரி லேசா மூடு, அம்புட்டுத்தான். மணி ரெண்டே முக்கா. அஞ்சு மணிக்குள்ள வரி நோட்டீஸுக்குப் பதில் போகணும், போகலேன்னா பேங்க்கு அக்கவுண்ட்ட முடக்குனாலும் முடக்கிருவாங்கன்னு ஆடிட்டர் ஹெப்சிபா மேடம் நேத்து சொன்னாங்க, சொல்லிட்டு மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாங்க. பஞ்ச நனைச்சுப் பிழின்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். ஈரம் இருக்கணும், சொட்டக் கூடாது. இந்தப் பொண்ணுக்கு நெத்தி மங்கல், கன்னம் வெளுப்பு, ரெண்டையும் ஒரே நிறமாக்கணும். திருமங்கலத்துல இந்த மண்டபத்துலதான் ஆறு மணிக்கு ரிசப்ஷன், அஞ்சரைக்கே போட்டோக்காரன் கதவத் தட்டுவான். பேரு சுபிக்ஷா, சாதுவான பொண்ணு, நான் கழுத்தத் திருப்புனா திருப்புது, நிமுத்துனா நிமுறுது, என்னைய நம்பி மொகத்தக் குடுத்துருக்கு. எனக்கு யாரு இருக்கா, இப்படி மொகத்தக் குடுத்துட்டுக் கண்ண மூடிக்க? செல்போன மேசை மேல திருப்பி வச்சிருக்கேன், மேடம் கூப்பிட்டா மணி அடிக்கும், வேற யாரு கூப்பிட்டாலும் அடிக்காத மாதிரி மக செஞ்சு குடுத்துருக்கா. அடிக்கல. அடிக்காத போன எட்டு தடவ பாத்தாச்சு.

முப்பத்தோரு லட்சத்து நாப்பதாயிரம். பத்து நாளா இந்த நம்பரு மண்டைக்குள்ள ஓடுது, பல்லு விளக்கும்போது ஓடுது, தோசை திருப்பும்போது ஓடுது, நேத்து ஒரு பஸ்ஸு நம்பர்ல மூணும் ஒண்ணும் நாலும் வரிசையா வந்துச்சு, எனக்கு அங்கனயே மூத்திரம் முட்டிருச்சு. கடுதாசி ஒச்சம்மாள், தந்தை பெயர் மாயாண்டின்னு வந்துச்சு. ஊருக்கு நான் ஓவியா, உசிலம்பட்டி ஓவியா பிரைடல் மேக்கப், ஒச்சம்மாள்னு சொல்றது பேங்க்கும் ஆதாரும் எங்க சொந்தக்காரங்களும் மட்டுந்தான். ஆதார்ல இன்னும் அம்மா வீட்டு முகவரிதான், மாத்தணும் மாத்தணும்னு பத்தொம்பது வருசமாச்சு, அதனால தபால்காரரு எங்க மதினி கையில குடுத்துட்டாரு. 'ஒனக்கு கவர்மெண்ட்டுல இருந்து என்னமோ வந்திருக்கு தாயி'ன்னு மதினி சொன்னப்ப நான் ஏதோ மானியக் கடனாக்கும்னு சிரிச்சேன், கிறுக்கச்சி. மகதான் படிச்சுச் சொன்னா, நர்சிங் ரெண்டாம் வருசம், இங்கிலீஷு வரும். 'அம்மா, ஒரு வருசத்துல ஒன் க்யூஆர் வழியா இம்புட்டு ரூவா வந்திருக்காம், இருபது லட்சத்தத் தாண்டுனா ஜிஎஸ்டில பதியணுமாம், நீ ஏன் பதியலன்னு கேக்குறாங்க, வரியும் அபராதமும் ஏன் போடக் கூடாதுன்னு கேக்குறாங்க.' ஏன் போடக் கூடாதுன்னு என்னையவே கேட்டா நான் என்னத்தச் சொல்ல. போடாதீங்கய்யா, எங்கிட்ட இல்லய்யா. அம்புட்டுத்தான் என் பதில். அதக் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாதாம், ஆதாரம் வேணுமாம். மகளுக்கு இந்த மாசம் இருபதாந்தேதிக்குள்ள ஃபீஸ் கட்டணும், அந்தக் காசும் அந்த அக்கவுண்ட்டுலதான் கெடக்கு, ஐப்பசி முகூர்த்தத்துக்கு வாங்குன அட்வான்ஸும் அதுலதான் கெடக்கு. முடக்கிட்டா பொட்டச்சி நடுரோட்டுல நிக்க வேண்டியதுதான்.

மூக்கு ஓரத்துல பூச்சு தங்குது, தட்டித் தட்டி எடு, தேய்க்காத. அந்த ரூவால பாதிக்குக் கொஞ்சம் கம்மி எங்க அண்ணன் வீட்டு மொய்யி. சத்தியமா மொய்யி. தவமணி அண்ணனுக்கு ரெண்டு பயலுக, ரெண்டு பேருக்கும் ஒண்ணாக் காதுகுத்து வச்சாங்க போன வருசம் ஆவணியில, கறி விருந்து, மூவாயிரம் இலை. மொய் எழுதுற மேசையில நோட்டு இருக்கு, தாம்பாளம் இருக்கு, எளவட்டப் பயலுக வந்து 'சித்தப்பா, கையில காசில்ல, ஜிபே இருக்கா'ன்னு கேக்குறாங்க. அண்ணனுக்கு பட்டன் போனு. அப்பப் பாத்து இந்த எடுபட்ட வாய் சும்மா இருந்துச்சா? 'எங்கிட்ட க்யூஆர் அட்டையே இருக்குண்ணே, சத்தம் போடுற பெட்டியும் இருக்கு, என்னுதுல போடட்டும்'னு சொல்லி, பட்டுச் சேலையோட வண்டியில போயி எடுத்துட்டு வந்து மேசையில வச்சேன். அது சொல்லுது, ஆயிரத்து ஒரு ரூபாய் பெறப்பட்டது, ஐநூற்றி ஒரு ரூபாய் பெறப்பட்டது, ரெண்டாயிரத்து ஒரு ரூபாய் பெறப்பட்டதுன்னு கோயில் மைக்கு மாதிரி சொல்லிக்கிட்டே இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் எல்லாரும் திரும்பி என்னையப் பாக்குறாங்க. 'ஒச்சம்மா பேருலடா விழுகுது, பெரிய ஆளாகிட்டாடா'ன்னு எங்க பெரியப்பா மகன் சொன்னான். எனக்கு அப்பிடி இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, உச்சி குளுந்து போச்சு. மொகத்துல பூசுற பொழப்புன்னு சிரிச்ச சனந்தான் அன்னைக்கு என் பேரு எழுதுன அட்டைக்கு முன்னாடி வரிசையில நின்னுச்சு. வர முடியாதவங்களுக்குன்னு அட்டையப் போட்டோ எடுத்து குரூப்புலயும் போட்டு விட்டேன், திருப்பூருல இருந்து, துபாயில இருந்து ரெண்டு மாசத்துக்கு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. யாரு கேட்டா? யாரு என்னைய எடுத்துட்டு வரச் சொன்னா?

'ஏசி ஓடலையாக்கா, ஒங்களுக்கு இப்பிடி வேர்க்குது'ன்னு பொண்ணு கேக்குது. ஓடுதும்மா, எனக்குச் சூட்டு ஒடம்பு. நீ பேசாத, ஒதட்டுக்கு மேல கோடு விழும். வேர்க்குது, ஆமா, கழுத்துப் பின்னாடி கோடாட்டம் எறங்குது. ஹெப்சிபா மேடத்தோட ஆபீஸுலயும் இப்பிடித்தான் வேர்த்துச்சு, மதுரையில மூணாவது மாடி, லிஃப்ட்டு இல்ல. 'கணக்குப் புஸ்தகம் கொண்டு வந்தியாம்மா'ன்னு கேட்டாங்க. நான் என் டைரியக் குடுத்தேன். ஒவ்வொரு பக்கமாத் திருப்பிப் பாத்தாங்க. தேதி இருக்கு, மண்டபம் இருக்கு, பொண்ணு நிறம் கோதுமை, கன்னத்துல பரு, மூக்குத்தி எடது பக்கம், அரக்குச் சேலை, பச்சை பார்டர், எமை ஒட்டுற பசை ஒத்துக்காது, எல்லாம் இருக்கு. 'பொண்ணுங்க தோலுக்கெல்லாம் கணக்கு வச்சிருக்க, ஒனக்கு எங்கம்மா கணக்கு'ன்னாங்க. எனக்கு எதுக்கு மேடம் கணக்கு, மாசக் கடைசியில கையில என்ன நிக்குதோ அதான் என் வருமானம்னு சொன்னேன். அவங்க சிரிக்கல. சிரிச்சிருந்தாத் தேவலை. 'ஒனக்கு எவ்வளவு வந்துச்சுங்கிறது ஒரு கணக்கு, அதுல தொழிலுக்குப் போனது ஒரு கணக்கு, போக நீ சம்பாதிச்சது ஒரு கணக்கு, கையில நிக்கிறது கணக்கே இல்ல'ன்னு சொல்லி, பேங்க்கு ஸ்டேட்மெண்ட்டு அறுவத்தி நாலு பக்கம், ஒரு பச்சைப் பேனா, ஒரு ரோஸ் பேனா எடுத்துக் குடுத்தாங்க. மேக்கப்புக்கு வந்ததுக்குப் பச்சை, மொய்யிக்கு ரோஸு. பரீட்சை எழுதுற புள்ள மாதிரி அவங்க மேசை ஓரத்துல மூணு நாளு உக்காந்தேன்.

மொத நாளு சுளுவா ஓடுச்சு. எப்படிம்மா இது மொய்னு சொல்றன்னு கேட்டாங்க, ஒத்த ரூவா இருக்கே மேடம், ஐநூத்தி ஒண்ணு, ஆயிரத்து ஒண்ணு, மொய்னா ஒத்த ரூவா இல்லாம வைக்க மாட்டோம்னு பெருமையாச் சொன்னேன். வரிசையா ரோஸு போட்டேன். ரெண்டாவது நாளு மத்தியானம் ஒரு அய்யாயிரத்து ஒண்ணுல பேனா நின்னுச்சு. செல்வி கே. எந்தச் செல்வி? அத்தை மகளா, நான் மேக்கப் போட்ட கருமாத்தூர் பொண்ணோட அம்மாவா? அப்பத்தான் பொறியில அடிச்ச மாதிரி ஞாபகம் வந்துச்சு, நானேதான் எல்லாத்துக்கிட்டயும் சொல்வேன், அட்வான்ஸ மொட்டையாப் போடாதீங்க, ராசிக்கு ஒத்த ரூவா சேத்துப் போடுங்கன்னு. எத்தனை பேரு அய்யாயிரத்து ஒண்ணு, எத்தனை பேரு பத்தாயிரத்து ஒண்ணு, அதே ஆவணி, அதே பொரட்டாசி. எது மொய், எது எம் பொழப்புன்னு எனக்கே தெரியல. அடி ஆத்தி, என் கையாலேயே ரெண்டையும் போட்டுப் பெசைஞ்சு வச்சிருக்கேன். வந்த மொய்ய அண்ணனுக்குக் குடுத்ததுக்காவது ஒழுங்கா தடம் இருக்கான்னு பாத்தா அதுவும் இல்ல, கொஞ்சம் ஏடிஎம்முல எடுத்துக் குடுத்தேன், கொஞ்சம் பந்தல்காரனுக்குப் போட்டேன், கொஞ்சம் சமையக்காரருக்கு. 'மொய் நோட்டு ஒண்ணுதான் வழி'ன்னு மேடம் சொல்லிட்டாங்க. நோட்டுல யாரு யாரு க்யூஆர்ல போட்டாங்கன்னு எழுதிருக்கு, அதோட அண்ணன் இது என் பணம்னு ஒரு கையெழுத்துப் போடணும். போட்டாத் தப்பிச்சேன். போடலேன்னா முப்பத்தோரு லட்சமும் என் தலையில.

புருவம். புருவத்துல மட்டும் அவசரப்படக் கூடாது, ஒண்ணு ஏறிருச்சுன்னா பொண்ணு ஆல்பம் முழுக்க சந்தேகப்படுற மாதிரியே நிக்கும். அண்ணன் போட மாட்டாரு. எனக்குத் தெரியும். நாலு நாளா போன் பண்ணுறேன். மொத நாளு மதினி எடுத்துச்சு, 'மொய் நோட்ட வாசப்படி தாண்டிக் குடுக்கிற பழக்கம் நம்ம வீட்டுல இல்ல ஒச்சு, இன்னும் எத்தனை வீட்டுக்குத் திருப்பிச் செய்யணும் பாரு'ன்னுச்சு. அடுத்த நாளு அண்ணன், 'நோட்டுல ஊருச் சனம் பேரெல்லாம் இருக்கு, நாளைக்கு அவங்களுக்கும் ஒவ்வொரு நோட்டீஸ் போச்சுன்னா என்னைய ஊருக்குள்ள விடுவாங்களா'ன்னாரு. நேத்து, 'இது என் பணம்னு நான் கையெழுத்துப் போட்டா எம் பேருக்கு வந்துருமே ஆத்தா'ன்னாரு. பயப்படுறாரு. அவரு பயத்தக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துருச்சு, அண்ணே, நான் பயப்படலையான்னு கேட்டேன். காலையில கெளம்பும்போதும் கேட்டேன், பாப்போம்னாரு. எங்க வீட்டு ஆம்பளைக பாப்போம்னு சொன்னா, பொண்ணு கேட்டு வந்தவங்களுக்கே அது மாட்டோம்கிற பதிலு, எந்திரிச்சுப் போயிருவாங்க. நம்பரு மொகத்துல தெரியுற மாதிரி எம் புருசன் மச்சக்காளை வேற என்னைய உத்து உத்துப் பாக்குறாரு. அவருக்கு ஓட்டல் வச்சு நொடிச்சதுல இருந்து யாரு மேலயும் நம்பிக்கை கெடையாது, இப்ப லோடு வண்டி ஓட்டுறாரு, வண்டிக்குத் தவணை நான் கட்டுறேன். கடுதாசியப் பாத்தவரு தட்டத் தள்ளி வச்சிட்டாரு. 'முப்பத்தோரு லட்சம் வந்துச்சா? எங்கடி?'ன்னாரு. மொய்ங்கன்னேன். 'மொய் போக?'ன்னாரு. மொய் போக என்ன, நீங்கதான் பாக்குறீங்களே, கையில என்ன நிக்குது, போன மாசம் கேஸு சிலிண்டருக்குப் பக்கத்து வீட்டுல கைமாத்து வாங்கலையான்னு கத்துனேன். அன்னைல இருந்து அவரு ராத்திரி என் போன எடுத்துப் பாக்குறாரு, நான் தூங்குற மாதிரி கெடக்கேன். ஜெயில்ல போடுவாங்களான்னு மேடத்துக்கிட்ட கேட்டதுக்கு, 'சேச்சே, இதுக்கெல்லாம் யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க'ன்னு சொன்னாங்க. அப்பறம் ஏன் எனக்கு எந்த நேரமும் யாரோ பின்னாடி வந்து நிக்கிற மாதிரியே இருக்கு.

மூணே கால். இப்ப கண்ணு. மேல பாரு, தரையப் பாரு, மூடிக்க. எமை ஓரத்துல கோடு இழுக்கணும், மூச்ச நிறுத்திட்டு ஒரே இழுப்பு, பதினோரு வருசமா இழுக்குறேன், இருட்டுல விட்டாலும் இழுப்பேன். பிரஷ்ஷு எமைக்கிட்டப் போகுது, நுனி ஆடுது. எடுத்துட்டேன். மறுபடி வச்சேன், ஆடுது. 'அக்கா, கை நடுங்குதா?' இல்லம்மா, பசை காயட்டும்னு பாக்குறேன். பசையே இன்னும் எடுக்கல. சுபிக்ஷா கண்ண மூடிக்கிட்டே சிரிக்குது, பாவம், என்னையத் தேத்துதாம். 'எனக்கும் காலையில இருந்து நடுக்கந்தான்கா. ஒங்களுக்கு என்னக்கா, வாரத்துக்கு மூணு கல்யாணம், நல்லா சம்பாதிக்கிறீங்கன்னு எங்கம்மா சொல்லுச்சு. மாசம் எவ்வளவுக்கா வரும்?' கல்யாணப் பொண்ணு கேக்குற கேள்வியப் பாரு. வரும்மா, வர்றது எல்லாம் போயிரும், இருபதாயிரம் நின்னா பெருசுன்னு சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் அழுகுரலாத்தான் வந்துச்சு. எல்லாத்துக்கிட்டயும் இதத்தான் சொல்றேன், புருசங்கிட்ட, அண்ணங்கிட்ட, மக ஃபீஸு கேக்கும்போது மககிட்ட. பொய்யில்ல. சாமான் வாங்கணும், முடி அலங்காரத்துக்கு மும்தாஜுக்குக் குடுக்கணும், காருக்கு, வாடக நகைக்கு, வண்டித் தவணை, ஓட்டல் வச்ச கடனுக்கு வட்டி, மாமியாருக்குக் கண்ணு ஆபரேசன், அண்ணன் வீட்டு விசேசத்துக்குக் கறிக்கடைக்காரனுக்கு, அத்தை சீரு ரெண்டு சங்கிலி. என்ன நிக்கும்? இடது கண்ணுக்கு இழுத்துட்டேன், ஒரு மாதிரி வந்துருச்சு, நல்லாவே வந்துருச்சு. வலது கண்ணுக்குப் பிரஷ்ஷ நனைக்கிறேன், போன் அடிக்குது.

மேடம். 'எடுங்கக்கா'ன்னு பொண்ணு சொல்லுது, ஒரு கண்ணுல மை, ஒரு கண்ணுல இல்ல. எடுக்க விரலு வரல, பவுடரு கை, வழுக்குது, சேலையில தொடைச்சிட்டு எடுத்தேன். 'ஒச்சம்மா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசு. ஒங்க அண்ணன் எதுத்தாப்புலதான் உக்காந்திருக்காரு.' என்ன சொல்றாங்கன்னு எனக்கு வெளங்கல. 'நோட்டக் கொண்டு வந்துட்டாரு. கையெழுத்தும் போட்டாச்சு.' பொண்ணோட சூட்கேசு மேல பொத்துன்னு உக்காந்துட்டேன். அண்ணே. என் அண்ணே. உசிலம்பட்டியில இருந்து பஸ் ஏறி, நோட்டப் பைக்குள்ள சுருட்டி வச்சு, மூணு மாடி ஏறி. கண்ணுல பொலபொலன்னு ஊத்துது. மேடம் படிச்சுக்கிட்டே போறாங்க. 'க்யூஆர்ல வந்த மொய் பன்னெண்டு லட்சத்து அறுவத்திரண்டாயிரம். அதக் கழிச்சா பதினெட்டு லட்சத்து எழுவத்தெட்டாயிரம். இருபதுக்குள்ளதான் இருக்க. பதில ஏத்திட்டேன், ரசீது வந்துருச்சு. கேள்வி கேட்டா நான் போய்ப் பேசுறேன், பயப்படாத.' சரிங்க மேடம், சரிங்க மேடம்னு எத்தனை தடவை சொன்னேனோ. சுபிக்ஷா ஒத்தக் கண்ணு மையோட என்னையப் பாத்து டிஷ்யூவ நீட்டுது.

'இன்னொண்ணும்மா. நீ இதுவரைக்கும் ஒரு வருசம்கூட வருமான வரிக் கணக்குத் தாக்கல் பண்ணல. அதப் பண்ணியே ஆகணும், கூப்பிட்டுக் கேக்குறதுக்கு முன்னாடி நாமளே பண்ணிருவோம். பச்சையெல்லாம் கூட்டிட்டேன். சாமான், மும்தாஜ், கார், நகை வாடக எல்லாத்தையும் கழிச்சாச்சு. அந்த வருசம் ஒன் வருமானம் பத்தரை லட்சம்.' யாருக்கு மேடம்? 'ஒனக்குத்தாம்மா.' இல்ல மேடம், தப்பாக் கூட்டிருப்பீங்க, திரும்பக் கூட்டுங்க, மொய்யி கொஞ்சம் உள்ள கெடக்கும். 'மூணு தடவ கூட்டிட்டேன். நோட்டோட ஒத்துப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.' என் கையில ஒண்ணும் நிக்கல மேடம். 'அது எங்க போச்சுன்னு அதே ஸ்டேட்மெண்ட்டுல வரிக்கு வரி இருக்கு. ஆனா சம்பாதிச்சது நீதான்.' பத்தரை லட்சம். மாசம் எம்பதுக்கு மேல. கைமாத்து வாங்குன சிலிண்டரு ஞாபகம் வருது, மக கிழிஞ்ச ஷூவ ஒட்டிப் போட்டுக்கிட்டுப் போனது ஞாபகம் வருது, ஒரு நல்ல பிரஷ்ஷு செட்டு வாங்க மூணு வருசமாத் தள்ளிப் போட்டது ஞாபகம் வருது. எங்க இருந்தா அம்புட்டு நாளும் அந்தப் பத்தரை லட்சத்துக்காரி? என் வீட்டுலதான் இருந்திருக்கா, ஒரு நாள்கூட நான் அவளப் பாக்கல. ஒடம்பு சில்லிட்டுப் போச்சு, நோட்டீஸ் வந்த அன்னைக்குக்கூட இப்பிடிச் சில்லிடல. அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சுனு நகருது. அண்ணன் தொண்டையச் செருமுறாரு.

'ஏ ஒச்சு. பத்தரை லட்சமா? மாப்பிள்ளைக்குத் தெரியுமா?'

'எனக்கே இப்பத்தாண்ணே தெரியும்.'

'சரி, சரி. நல்லதுதான். ராத்திரி நானும் மதினியும் வீட்டுக்கு வர்றோம். ஒரு விசயம் பேசணும் தாயி.'

இந்தக் குரலு எனக்குத் தெரியும். கறிக்கடைக்காரன் வாசல்ல நிக்கிறான் தாயின்னு சொல்லி என்னையக் காசு குடுக்க வச்ச குரலு. பாசமான குரலுதான், நெஜமாவே பாசந்தான், பாசம் இல்லாமயா நோட்டத் தூக்கிக்கிட்டு வந்தாரு. அதான் பயமா இருக்கு. இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கூடத்துல அண்ணனும் மதினியும் மச்சக்காளையும் உக்காந்திருப்பாங்க, நான் காப்பி போட்டுக் குடுப்பேன், என் பத்தரை லட்சத்தப் பத்தி மூணு பேரும் பேசுவாங்க, நான் டம்ளர எடுத்துட்டுப் போவேன். மணி மூணரை ஆகுது. பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு. பேசுறேன், குரலு நடுங்குது, நடுங்கட்டும்.

'மேடம், ஸ்பீக்கர அணைச்சிட்டு போனக் காதுல வைங்க.'

'வச்சிட்டேம்மா, சொல்லு.'

'அண்ணங்கிட்ட நோட்டக் குடுத்து அனுப்பிருங்க. இனிமே என் கணக்க எங்கிட்ட மட்டும் சொல்லுங்க.'